தண்ணி போட்ட கம்ப்யூட்டர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் தண்ணி போட்டிருக்கிறார் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆகவே என் மாமா கம்ப்யூட்டருக்குத் தண்ணி போடப் போகிறார் என்ற செய்தி, நாங்கள் வரிசை வரிசையாகக் குடியிருந்த லயத்தில் பரவியபோது, கொழும்புக்குப் போன பையன் கெட்டுத்தான் திரும்பி வந்திருக்கிறான் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். வேறு சிலர், அது என்ன சரக்கு, நமக்கும் ஒரு சொட்டுக் கிடைக்குமா என்று விசாரித்தார்கள். அப்போது எனக்குப் பதினொரு வயது. மாமா செய்வதில் அர்த்தம் இருக்கிறது என்று நம்பியது அந்த லயத்திலேயே நான் ஒருத்திதான்.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லோரையும் போல படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்புக்குச் சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போனவர். அந்தக் கடைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் திருத்தும் கடை ஒன்று இருந்தது. பிளேன்டீ கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டார். பிறகு அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணம் முடித்தார். லயத்தில் குடும்பத்துக்கு ஒரு அறை, அதைக் காம்பரா என்போம்; அத்தையை எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் விட்டுவிட்டு மறுபடியும் கொழும்புக்குப் போனார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வருகிற புருசனை வைத்துக்கொண்டு என்ன குடும்பம் நடத்துவது என்று அத்தை கேட்பாள். சிரித்துக்கொண்டுதான் கேட்பாள், ஆனால் ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

பாப்பா பிறந்ததும் மாமா வேலையை விட்டுவிட்டே வந்துவிட்டார். பதுளையில் ஒரு மொதலாளி தீபாவளிக்கு முன்பு புதிதாகக் கம்ப்யூட்டர் கடை திறக்க இருந்தார். அவரிடம் வேலை கேட்டுப் போன மாமா, தன் போனில் சில படங்களைக் காட்டியிருக்கிறார். வெளிநாட்டில் பையன்கள் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத்தை அறுத்துக் கண்ணாடி வைத்து, உள்ளே கலர் வெளிச்சம் போட்டு, சூடு தணிய ஃபேனுக்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாய் ஓடவிட்டிருக்கும் படங்கள். மொதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. அப்படி ஒன்று கடை முகப்பில் மின்னிக்கொண்டிருந்தால் பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்களில் ஒருத்தனும் நிற்காமல் போக மாட்டான் என்றார். அதைச் செய்து ஓடவிட்டுக் காட்டினால் திருத்தவேலை முழுக்க மாமாவுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தார். கடைக்குப் பின்னால் ஒரு அறையும் உண்டு. அத்தையும் பாப்பாவும் லயத்தை விட்டுப் போய் மாமாவோடு இருக்கலாம். எல்லாம் அந்தப் பெட்டியின் கையில் இருந்தது.

மடுல்சீமைப் பக்கத்தில், பஸ் போய் நிற்கும் இடத்திலிருந்து இன்னும் ஒரு மணித்தியாலம் நடக்க வேண்டிய தோட்டத்து டிவிசன் எங்களுடையது. அங்கே என்ன சாமான் கிடைக்கும்? கொழும்பிலிருந்து கொண்டுவந்த பழைய பெட்டியின் பக்கத்தகட்டை மாமா இரும்பறுக்கும் வாளால் இரண்டு நாள் அறுத்தார். உடைந்த சாமிப்பட ஃபிரேமிலிருந்து கண்ணாடி எடுத்தார். வெளிச்சத்துக்கு, ஆட்டோக்காரர்கள் வண்டிக்கு ஒட்டும் நீல லைட் பட்டி. குழாய்க்கு, மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிவான டியூப். பழைய ஃபிரிட்ஜின் செம்புக் குழாயைச் சுருட்டி ஒரு செம்புத் தகட்டில் பற்றவைத்து, கம்ப்யூட்டரின் மூளை சூடாகும் இடத்தில் பொருத்தினார். இதையெல்லாம் எங்கள் காம்பராவில் வைத்துத்தான் செய்தார். அவர்கள் காம்பராவில் பாப்பாவும் அடுப்புப் புகையும் இருந்தன. நான் ஸ்குரூ எடுத்துக் கொடுத்தேன், டோர்ச் பிடித்தேன், அம்மா விறகுக்குக் கூப்பிட்டால் காது கேட்காதவள் போல இருந்தேன்.

தண்ணீரைச் சுற்றிவிட மீன்தொட்டி மோட்டார் ஒன்று வாங்கி வந்திருந்தார். அது இரண்டாம் நாளே எரிந்துபோனது. புதிய மோட்டாருக்கு மொதலாளியிடம் கேட்டால், முதலில் வேலை செய்கிறதா என்று காட்டு, பிறகு நான் வாங்கித் தருகிறேன் என்றார். மாமா ஒருநாள் முழுக்க வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று எழுந்து, மலையே தள்ளிவிடும்போது மோட்டார் எதற்கு என்றார்.

லயத்துக்கு மேலே தேயிலை, தேயிலைக்கு மேலே காடு. காட்டுக்குள் பாறை இடுக்கில் ஊறும் தண்ணீர் கறுப்புக் குழாய் வழியாக இறங்கி லயத்தின் கோடியில் விழும். அதைத்தான் பீலி என்போம். குளிப்பதும் குடிப்பதும் அதில்தான். மாமா அந்தக் குழாயில் ஒரு கிளை பிரித்து, எங்கள் ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, பெட்டிக்குள் நுழைத்து, மறுபக்கம் வெளியே எடுத்துத் துணி துவைக்கும் கல்லடியில் விட்டார். வால்வைத் திறந்ததும் தண்ணீர் நீல வெளிச்சத்துக்குள் ஓடிய அழகை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. மலைத்தண்ணீர் அவ்வளவு சில்லென்று இருந்ததால் உள்ளே குழாய்க்கு வியர்த்துக்கொட்டியது. வியர்வை சொட்டாமல் பழந்துணியால் ஒற்றி எடுப்பது என் வேலை.

லயத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள். எங்க புள்ளைங்க குளிக்க வரிசையில நிக்குது, இதுக்கு மட்டும் தனிப் பீலியா என்று ஒருத்தி கேட்டாள். வீட்டுக்கு ஒரே ஒரு பல்பு, இந்தப் பெட்டிக்கு உடம்பெல்லாம் பல்பு என்றாள் அம்மா. எல்லாவற்றையும் விட அத்தை வைத்த பெயர்தான் நிலைத்தது. அவள் கம்ப்யூட்டரைச் சக்களத்தி என்பாள். எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரை எட்டாது. அதனால் அவள் படுத்த இடத்திலிருந்தே, “என்ன மருமகளே, சக்களத்தி குளிச்சு முடிச்சாளா?” என்று என்னைக் கேட்பாள். நான் இன்னும் இல்லை என்பேன். மாமா கேட்டுக்கொண்டே ஸ்குரூ முடுக்குவார். அவர் காது சிவந்துபோகும்.

ஐப்பசி மழை தொடங்கியது. மழைக்குப் பீலி கலங்குவது எங்களுக்குப் புதிதல்ல. குழாய் வாயில் வேட்டித்துணி கட்டுவோம். அதையும் மீறிக் கலங்கி வந்தால் குடத்தில் பிடித்து ஓரமாக வைப்போம். மண் அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை ஊற்றிக் குடிப்போம். கலங்கின தண்ணீரைக் கண்டால் எங்கள் பெண்கள் சொல்லும் ஒரே வார்த்தை, தெளியட்டும். ஆனால் கம்ப்யூட்டரால் அப்படிக் காத்திருக்க முடியாதே. மாமா என்னை முன்னால் உட்காரவைத்து மனப்பாடமாகும் வரை சொல்லிக்கொடுத்தார்.

“மண்ணு உள்ள போனா செம்பு அடைச்சுக்கும். அடைச்சா எரிஞ்சு போயிரும். தண்ணி கலங்குச்சுன்னா யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காத. மொதல்ல சுவிட்ச நிப்பாட்டு, அப்புறம் வால்வ மூடு. எத்தன மணின்னு பாத்து வையி.”

நான் வாய்ப்பாடு போல அதைத் திருப்பிச் சொன்னேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்பு யாரும் என்னை நம்பி இவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுத்ததில்லை.

ஒரு சனிக்கிழமை மொதலாளியே வந்து பார்ப்பதாக ஏற்பாடு. பெட்டியைப் பதுளைக்குக் கொண்டுபோகலாம், மலையைக் கொண்டுபோக முடியாதே. மூன்று நாள் முன்பிருந்தே பெட்டி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மழையும் நிற்காமல் பெய்துகொண்டிருந்தது. சனிக்கிழமை காலையில் அம்மா, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனாள். அப்பாவுக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை. லயத்தில் எல்லோருமே வேலைக்குப் போய்விட்டார்கள். மாமா மொதலாளியை அழைத்துவர பஸ் நிற்கும் இடத்துக்குப் புறப்பட்டார். போகும்போது என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், அவ்வளவுதான். சுவருக்கு அந்தப் பக்கம் அத்தையும் முப்பது நாள் பாப்பாவும், இந்தப் பக்கம் நானும் சக்களத்தியும்.

பத்து மணிக்கு மேல் டியூபில் தண்ணீர் மெலிந்தது. இவ்வளவு மழையில் தண்ணீர் குறைவது அதிசயமாக இருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பீலியும் நூல் போலத்தான் விழுந்துகொண்டிருந்தது. டியூபில் குமிழ் குமிழாக வந்தது, கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லை. பிறகு பீச்சிக்கொண்டு வந்தபோது முதலில் சாயத்தண்ணி நிறம், அடுத்து பால் விட்ட தேத்தண்ணி நிறம். நீல வெளிச்சம் மங்கிப்போனது. நான் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. சுவிட்சை நிறுத்தினேன். வால்வை மூடினேன். நிறுத்துமுன் திரையின் மூலையில் மணி பார்த்தேன், பதினொன்று எட்டு. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையை யாரிடமாவது சொல்ல வேண்டும். சுவருக்கு மேலாகச் சத்தம் போட்டு அத்தையிடம் சொன்னேன், தண்ணி ரொம்பக் கலங்கி வருது, நான் நிறுத்திட்டேன் என்று.

“இந்த மழைக்குக் கலங்காம என்ன செய்யும்?” என்றாள் அத்தை. “கொடத்துல புடிச்சு வையி மருமகளே. தெளியட்டும்.”

நான் பீலிக்குப் போய்க் குடத்தில் பிடித்து வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் பின்சுவரின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து தரையில் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியின் காலடிவரை வந்துவிட்டது. மொதலாளி வருகிற நேரம். பெட்டி நனைந்தால் மாமா தொலைந்தார். எனக்குத் தோன்றிய ஒரே பத்திரமான இடம் கீழே ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள பிள்ளைக் காம்பராதான். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை ஆயாம்மாவிடம் விட்டுப்போகும் கல்கட்டடம் அது. ஒழுகாது. டியூபைக் கழற்றினேன். அம்மா இடுப்பில் கட்டுகிற பழைய படங்கினால் பெட்டியைச் சுற்றினேன். கொழுந்துச் சாக்கைத் தூக்குவது போலத் தலையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அத்தை அவள் இஸ்தோப்பில் பாப்பாவை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் காம்பராவிலும் பாய்வரைக்கும் தண்ணீர் ஏறிவிட்டது. அவளும் கீழே வரத்தான் நினைத்திருந்தாள். அதற்குமுன் அரிசியையும் பாப்பாவின் துணிகளையும் எடுத்துக் கட்ட வேண்டும்.

“சக்களத்திய மட்டும் தூக்கிட்டுப் போறியே, பாப்பாவையும் கொண்டு போயேன். நான் பின்னால வாறேன்.”

“ரெண்டையும் தூக்க ஏலாது அத்தை. இத வச்சிட்டு வந்து தூக்கிக்கிறேன்.”

அத்தை சிரித்தாள். “சரி, மொதல்ல அவளயே கொண்டு போ” என்றாள்.

இதுதான் நடந்தது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

பிள்ளைக் காம்பராவில் ஆயாம்மா எனக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். குடித்தேன். பெட்டியைச் சுவரோரம் வைத்து, படங்கை அவிழ்த்து, உள்ளே ஈரம் பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு இடமாகத் துடைத்தேன். உடனே திரும்பிப் போகவில்லை. மாமா வந்து பார்க்கும்போது பெட்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தச் சுவரில் அரசாங்கத்து ஆட்கள் எப்போதோ ஒட்டிவிட்டுப் போன ஒரு தாள் இருந்தது. மேலே சிங்களம், கீழே தமிழ். அந்தத் தமிழை நான் பலமுறை அங்கிருந்த பெண்களுக்கு உரக்க வாசித்துக் காட்டியிருக்கிறேன். ‘நீர்முதல்களின் தெளிவின்மையில் சடுதியான மாற்றம் அவதானிக்கப்படுமிடத்து’ என்று ஆரம்பிக்கும். உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது, டீச்சராகத்தான் வருவாள் என்று பாராட்டியிருக்கிறார்கள். நீர்முதல் என்றால் என்ன என்று ஆயாம்மா ஒருமுறை கேட்டாள். மொதலாளிமாருக்குச் சொந்தமான தண்ணீராக இருக்கும் என்று நான் விளக்கம் சொன்னேன். அது எங்கள் பீலிதான் என்பதும், பீலி கலங்கினால் ஓடிப்போ என்பதைத்தான் அந்தத் தாள் அவ்வளவு நீட்டிச் சொல்கிறது என்பதும் பத்தாம் வகுப்பு புவியியல் பாடத்தில்தான் எனக்கு விளங்கியது.

ஸ்டோரில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. பாப்பாவைத் தூக்கி வர வேண்டும் என்று எழுந்து வாசலுக்கு வந்தேன். மழை வலுத்திருந்தது. கொஞ்சம் விடட்டும் என்று நின்றேன். லொறியில் இருந்து கல் கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. அது நிற்காமல் தொடர்ந்தது. மேலே பார்த்தேன். தேயிலைச் செடிகள் வரிசை குலையாமல், நின்றபடியே கீழே நகர்ந்து வந்தன. பிறகு லயத்தின் கூரைத்தகரங்களைக் காணவில்லை.

மாமாவும் மொதலாளியும் வந்து சேர்ந்தபோது அங்கே லயம் இருந்த இடத்தைக் காட்டவே ஆள் தேவைப்பட்டது. மாமா வெறுங்கையால் தோண்டினார். நகம் பெயர்ந்தும் நிறுத்தவில்லை. நாலு பேர் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். மொதலாளி குடையை மடக்கிவிட்டு மழையில் நின்று அழுதார். இரண்டு உயிர்ச்சேதம் மட்டுமே, வேலைநாள் என்பதால் பெரும் அழிவு தவிர்ந்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். அந்த ‘மட்டுமே’யை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அத்தையை மூன்றாம் நாள் எடுத்தார்கள். பிள்ளைக் காம்பராவில்தான் கொண்டுவந்து கிடத்தினார்கள், பெட்டிக்கு எதிர்ப்பக்கச் சுவரோரம். பாப்பாவை எடுக்கவே இல்லை.

எங்களைப் பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கவைத்தார்கள். மொதலாளி இரண்டு தரம் வந்தார், வேலை அப்படியே இருக்கிறது என்றார். மாமா பெயர்ந்த நகங்களில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஏழெட்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“தண்ணி கலங்குனத பாத்தியா?”

“பாத்தேன் மாமா. ஒடனே நிப்பாட்டிட்டேன்.”

எத்தனை மணிக்கு என்று கேட்டார். பதினொன்று எட்டு என்று சொன்னேன், கேட்டவுடன் சொன்னேன். மலை எப்போது வந்தது என்று கேட்டார். சங்கு ஊதி ஒரு பத்து நிமிடம் இருக்கும் என்றேன். அத்தை ஏதாவது சொன்னாளா என்று கேட்டார். தெளியட்டும் என்று சொன்னதைச் சொன்னேன். இஸ்தோப்பில் அவள் பாப்பாவை நீட்டியதைச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை, அதற்கு என்ன தெரியும் என்று இதற்கு மட்டும் சாக்குச் சொல்ல முடியாது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்ததால்தான் மறைத்தேன். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

மாமா ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டிருந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியை எவ்வளவு முன்கூட்டியே காப்பாற்றியிருக்கிறேன் என்றுதான் கணக்குப் பார்க்கிறார் என நினைத்தேன். லயத்திலிருந்து பிள்ளைக் காம்பராவுக்குக் கைக்குழந்தையோடு நடந்தாலும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஊரிலேயே தண்ணீரைக் கண்ணாடிக்குள் விட்டு, விளக்குப் போட்டு, அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆளையும் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். கலங்கினால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்திருந்தார்.

“அப்ப ஒரு மணித்தியாலம்” என்றார் மாமா. என் தலையில் கை வைத்தார். “நான் சொன்னபடியேதான் செஞ்சிருக்க. நல்ல புள்ள.”

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மண்டபத்தின் மறுகோடியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடினேன். மாமா என்னைத் திட்டவில்லை, நல்ல பிள்ளை என்று சொன்னார், பதினொன்று எட்டுக்கே நான் நிறுத்திவிட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லத் தொடங்கினேன். அம்மா மாவுக் கையோடு என் வாயைப் பொத்தி, என்னை இழுத்துத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள். நல்லது செய்த பிள்ளையின் வாயை ஏன் பொத்துகிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவே இல்லை. அவள் கையை விலக்கிவிட்டு மிச்சத்தையும் சொல்ல நான் திமிறிக்கொண்டிருந்தேன்.